பெரட்டு கலைந்த பிறகு

உலக யுத்தத்தை வல்லரசுகள் தவிர்த்திருக்க முடியுமா என்ற கேள்வியால் என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். இப்போது நானும் சிரிக்கிறேன். அப்போது எனக்கு வயிற்றுப்போக்கு.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், பஸ் வந்தால். மலைச்சரிவில் மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு குடியிருப்புகள். நான் மேல் லயத்துக்காரன். அப்போது வயது இருபத்தைந்து, ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோலர் பக்கம் வேலை. தேயிலை ஃபேக்டரியை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். எனக்குப் பேசி முடித்திருந்த பெண் கீழ் லயம். அவளுடைய அப்பா கவ்வாத்துக் கங்காணி, அதாவது தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி மட்டப்படுத்துகிற ஆண்களுக்கு மேலாள். முறைக்கு எனக்கு மாமா. தை மாதம் கல்யாணம் என்று வெற்றிலை மாற்றியாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒரு விவாத மேடை போட்டார். எங்கள் ஆட்களின் ஓட்டுரிமையை அரசாங்கம் பறித்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ரோட்டை யார் செப்பனிட வேண்டும் என்று சொல்லக்கூட எங்களுக்கு வாய் கிடையாது. ஜெர்மனியும் ரஷ்யாவும் என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்வதை மட்டும் யாரும் தடை செய்யவில்லை. அதனால் அதையாவது சொல்லிவிடுவோம் என்று தலைப்பு வைத்தார்கள்: "முதலாம் உலக யுத்தத்தில் இறங்குவதை வல்லரசுகள் தவிர்த்திருக்க முடியுமா?"

லயத்துக்கு ஒருவர் பேச வேண்டும். மேல் லயத்தில் என்னைப் பிடித்துப் போட்டார்கள். காரணம், சாவு வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்க வைக்கிறவன் என்று எனக்குப் பெயர். கீழ் லயத்தில் மாமா. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு 'முடியும்', மாமாவுக்கு 'முடியாது'.

நான் வாத்தியார் வீட்டுக்கு ஓடினேன். "சார், பொண்ணு குடுக்கிறவர எதுத்து நான் எப்படி சார் பேசுறது? வேற ஆளப் போடுங்க."

"பேசிப்புடுப்பா," என்றார் அவர். "கல்யாணத்துக்குப் பொறகு இந்த மாதிரி சந்தர்ப்பம் கெடைக்காது."

சரித்திரப் புத்தகம் ஒன்றையும் கையில் கொடுத்தார். ஒரு வாரம் ரோலரைப் பார்த்துப் பேசிப் பழகினேன். ரோலர் சுற்றிக்கொண்டே கேட்டது. ஒரு முடிவும் எடுத்தேன்: கௌரவமாகப் பேசி, கௌரவமாகத் தோற்று, மாமாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிடுவது. அந்த முடிவில் நான் மேடை ஏறும் வரைக்கும் உறுதியாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் நிரம்பி வழிந்தது. இடது பக்கம் மேல் லயம், வலது பக்கம் கீழ் லயம். முதலில் நான்.

"ஒரு இளவரசனச் சுட்டுட்டாங்க. சரி, பாவம். அதுக்குப் பொறகு முழுசா ஒரு மாசம் இருந்திச்சு. ஒரு மாசத்தில நம்ம தோட்டத்தில ஒரு கல்யாணத்தப் பேசி, முறிச்சு, மறுபடி பேசி, பந்தியும் போட்டுறலாம். யுத்தத்தில எறங்குன ராஜாக்கள் யாரு? ஒருத்தருக்கொருத்தர் சொந்தக்காரங்க. கையில தந்தி இருந்திச்சு. 'தம்பி, நீ ஆள நிறுத்து, நானும் நிறுத்துறேன்'னு தைரியமா ஒரு வரி. யாராச்சும் ஒருத்தன் அத நேரத்தோட அனுப்பி, சொன்னபடி நின்னிருந்தா யுத்தமே இல்ல."

மேல் லயம் கை தட்டியது. அந்தக் கைதட்டலில்தான் எனக்குச் சனி பிடித்தது. தோற்க வேண்டும் என்ற நினைப்பு கொஞ்சம் தூரப் போய் நின்றுகொண்டது.

மாமா எழுந்தார். தலைப்பாகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் புஸ்தகம் படிக்கல. எனக்குத் தெரிஞ்சது பெரட்டு. விடியக்காலயில மேளம் அடிக்கிறான். எல்லாரும் களத்துக்கு வந்து வரிசையா நிக்கிறோம். பேர் போட்டு, வேல பிரிச்சு, பெரட்டு கலையுது. ஆளு ஆறாம் நம்பர் மலைக்குப் போயிட்டான். அதுக்குப் பொறகு தொரைக்கு மனசு மாறிப் போச்சு, இன்னைக்கு அங்க வேணாம்னு நெனைக்கிறாரு. பங்களாவில நின்னு கத்துனா ஆறாம் நம்பர் மலைக்குக் கேக்குமா? கேக்காது. அந்த ராஜாக்களுக்கும் அதான் நடந்திச்சு. ஆளுகள ரயில்ல ஏத்தியாச்சு. ஏத்துன பொறகு பக்கத்து வீட்டுக்காரன் சும்மா இருப்பானா? அவனும் ஏத்துறான். நல்லவன் கெட்டவன்னு இல்ல. பெரட்டு கலைஞ்ச பொறகு கூப்பிட முடியாது. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். வாத்தியார் என்னைப் பார்த்தார். பதில் சொல்ல எனக்கு ஐந்து நிமிஷம். ரோலர் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லையே.

பதில் இல்லாதபோது என் வாய்க்கு ஒரு பழக்கம் உண்டு.

"மாமா சொல்றது சரிதான். பெரட்டு கலைஞ்சு கவ்வாத்து ஆளுக மலைக்குப் போனா கூப்பிட முடியாதுதான். ஏன்னா, பத்து மணிக்குள்ள பாதிப் பேரு பாறைக்குப் பின்னால படுத்துத் தூங்கிருவாங்க. தூங்குற ஆளுக்கு எப்படிக் கேக்கும்?"

மேல் லயம் பெஞ்சு மேல் ஏறிச் சிரித்தது. கவ்வாத்துக் கத்தி பிடிப்பது ஏறக்குறைய முழுக்கக் கீழ் லயத்து ஆட்கள். குளிரில், அட்டைக்கடியில், முதுகு ஒடிய வேலை செய்கிறவர்கள். அவர்களைப் போய் நான் தூங்குமூஞ்சி என்று சொல்லியிருக்கிறேன், அதுவும் அவர்களுடைய கங்காணிக்கு முன்னால், அவருடைய மருமகனாகப் போகிறவன்.

கீழ் லயத்து இளைஞன் ஒருவன் எழுந்தான். "ஸ்டோர் நெருப்புக்குப் பக்கத்தில குளிர் காயிறவனெல்லாம் எங்களப் பத்திப் பேச வந்துட்டானுக."

எங்கள் பக்கம் ஸ்டோர் எஞ்சின் ஓட்டுகிறவன் எழுந்தான். எனக்குக் கூட்டாளி, ஆறடி உயரம். "ஸ்டோர் ஆளப் பத்திப் பேசுனா நல்லா இருக்காது, சொல்லிப்புட்டேன்."

வாத்தியார் மணியை அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். யாருக்கும் கேட்கவில்லை. உலக யுத்தத்தைத் தவிர்த்திருக்கலாமா என்று பேச வந்த கூட்டம் பெஞ்சுகளைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் நான் புத்தகத்தில் படித்தபடியே நடந்தது. திங்கட்கிழமை, ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலியில் கீழ் லயத்துப் பெண்ணின் குடத்தை எங்கள் லயத்துப் பெண் ஒருத்தி தள்ளி வைத்தாள். செவ்வாய்க்கிழமை, கோயிலுக்குப் போகிற குறுக்குப் பாதையைக் கீழ் லயம் முள் வைத்து அடைத்தது. புதன்கிழமை, பக்கத்து டிவிஷனில் சம்பந்தம் வைத்திருந்த கீழ் லயத்து ஆட்கள் அங்கே சொல்லியனுப்பினார்கள். உடனே நாங்கள் எங்கள் லயத்தில் லொறி ஓட்டுகிறவனுடைய அண்ணன் தம்பிகளுக்குச் சொல்லியனுப்பினோம். வியாழக்கிழமை விடிந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பந்தடி மைதானத்தில் பார்த்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. யார் நாள் குறித்தது என்று கேட்டால் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

எஞ்சின்காரன் என் தோளில் கை போட்டான். "நீ ஆரம்பிச்சு வச்சது. நீதான் முன்னால நிக்கணும்."

"நிப்பேன்," என்றேன். வேறு என்ன சொல்வது?

அன்று சாயந்தரம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு லொறியோடு போனேன். மாமா அங்கே நின்றுகொண்டிருந்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மாப்ள, ஞாயித்துக்கெழம நீங்க எந்தப் பக்கம்?"

"ஒங்க பக்கந்தான் மாமா. ஒங்களுக்கு முன்னாலயே நிப்பேன்."

இரண்டு பக்கத்துக்கும் முன்னால் நிற்பது என்றால் அது எந்த இடம் என்று லொறியில் திரும்பி வரும்போதுதான் யோசித்தேன். நட்ட நடு.

மாமா அதோடு விடவில்லை. "எனக்கு இதில துளி இஷ்டம் இல்ல மாப்ள. ஆனா பயலுக கெளம்பிட்டானுக. நான் வேணாம்னா கங்காணி பயந்துட்டாருன்னு பேசுவானுக. காலயில எவன் எனக்குப் பணிவான்?" தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார். "மண்ட ஒடஞ்சு ரத்தம் விழுந்திச்சின்னா, அதுக்குப் பொறகு மேல் லயத்துக்கு நான் பொண்ணு குடுக்க முடியாது. அதையும் சொல்லிப்புடுறேன்."

அவர் போன பிறகு, கூடையைத் தராசில் வைத்துவிட்டு, எனக்குப் பேசியிருந்த பெண் நின்றாள். கல்யாணம் ஆகாதவர்கள் பேசிக்கொள்ளக் கூடாது என்பதால் அவள் தராசோடு பேசுவாள், நான் லொறிச் சக்கரத்தோடு பேசுவேன். எங்கள் காதல் எல்லாம் அந்த வழியில்தான்.

"எங்கப்பா கேட்டதுக்குப் பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கலாம்ல," என்றாள் தராசிடம். "அதுக்கு எதுக்கு ஒரு கேலி?"

"வாயில வந்திரிச்சு," என்றேன் சக்கரத்திடம்.

"வாயில வந்தா முழுங்கணும். தைக்கு இன்னும் நாலு வாரம். கூறச்சேல எடுத்தாச்சு. ஞாயித்துக்கெழம ஏதாச்சும் நடந்திச்சின்னா அத நான் என்ன செய்றது? நீங்களே சொல்லுங்க."

நான் சக்கரத்துச் சேற்றைச் சுரண்டினேன்.

சனிக்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். தோட்டத்து ஆஸ்பத்திரியான மருந்துக் காம்பராவுக்குப் போய், படுக்கையில் போட்டுவிடும்படி டிஸ்பென்சர் ஐயாவிடம் கெஞ்சினேன். திங்கட்கிழமை வரை வைத்துக்கொண்டால் போதும் என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இன்னைக்கு நீ பதினேழாவது வயித்து வலி. மேல் லயம் ஒம்பது, கீழ் லயம் எட்டு. ஒங்க எஞ்சின்காரனும் வந்துட்டுப் போனான். யாருக்கும் இஷ்டம் இல்லாம ஒரு சண்டைக்கு இவ்வளவு பேரு தயாராகுறத நான் இப்பத்தான் பாக்குறேன். இந்தா, குடி."

பதினேழு பேருக்கும் ஒரே மருந்து, விளக்கெண்ணெய். இரண்டு படைகளையும் அவர் தன்னாலான மட்டும் பலவீனப்படுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. கவ்வாத்தில் வெட்டிப் போட்ட மிலாறுக் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஆட்கள் மைதானத்துக்குப் போனார்கள். "நீங்க போங்க, நான் வேட்டிய இறுக்கிக் கட்டிட்டு வர்றேன்," என்றேன். வேட்டியை இறுக்கிக் கட்டினேன். ஒரு துணிப்பையில் கட்டிக்கொள்ள இரண்டு சாரம், ஒரு சட்டை, கொஞ்சம் ரொட்டி எடுத்துக்கொண்டேன். மைதானம் இடது கைப் பக்கம். பஸ் ரோட்டு வலது கைப் பக்கம். நான் வலது கைப் பக்கம் திரும்பினேன்.

பின்னாளில் இந்தக் கதையைத் தோட்டத்தில் வேறு மாதிரிச் சொன்னார்கள். நான் திட்டம் போட்டே பெரட்டுக் களத்துக்குப் போனதாகச் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை. உண்மை இதுதான்: பஸ் ரோட்டுக்குப் போகிற வழி பெரட்டுக் களத்தைத் தாண்டித்தான் போகிறது.

களத்துக்கு வந்தபோது மைதானத்துப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. என் கால் நின்றுவிட்டது. கூச்சலில் மாமாவின் குரலும் கேட்ட மாதிரி இருந்தது. கூறைச்சேலை ஞாபகம் வந்தது. தோட்டத் துரையிடம் ஓடிச் சொல்லலாம் என்றால் பங்களா எண்பது படி மேலே இருக்கிறது, எனக்கு விளக்கெண்ணெய் உள்ளே இருக்கிறது. சுற்றிப் பார்த்தேன். தகரக் கொட்டகையில் காலைப் பெரட்டுக்கு அடிக்கிற தப்பு மேளம் தொங்கியது. சத்தம் கேட்டால் துரையாவது இறங்கி வருவார் என்று பையைக் கீழே போட்டேன், மேளத்தை எடுத்தேன், அடித்தேன்.

பனியில் தோல் தளர்ந்து, நனைந்த பாயைத் தட்டுவது போல் இருந்தது. எனக்கு மேளம் அடிக்கத் தெரியாது. ஆனால் பிறந்ததிலிருந்து தினமும் விடியலில் கேட்ட அடி ஒன்று உண்டு. என் கைக்கு அது ஒன்றுதான் வந்தது. பெரட்டு அடி.

துரை வரவில்லை. மைதானத்துக் கூச்சல் நின்றது.

பிறகு பனிக்குள்ளிருந்து ஓடி வருகிற காலடிச் சத்தம். முதலில் வந்தவன், என்னைக் குளிர் காய்கிறவன் என்று சொன்ன கீழ் லயத்து இளைஞன். தலைத்துண்டைச் சரி செய்துகொண்டே வந்து, தினமும் நிற்கிற இடத்தில் போய் நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர். அப்புறம் எஞ்சின்காரன், மூச்சு வாங்க, ஸ்டோர் ஆட்களின் வரிசைக்கு. பனி இருட்டும் மேளச் சத்தமும் சேர்ந்ததும் யாருக்கும் கிழமை ஞாபகம் வரவில்லை. பிந்தி வந்தால் அரைப் பேர்தான் விழும், பாதிக் கூலிதான் என்ற பயம் எந்தப் பகையையும்விடப் பழையது. பெரட்டில் லயம் பார்த்து நிற்பதில்லை, வேலை பார்த்து நிற்பதுதான். ஐந்து நிமிஷத்தில் புல்லு வெட்டுகிற மேல் லயத்தானும் புல்லு வெட்டுகிற கீழ் லயத்தானும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றார்கள், கையில் கட்டையோடு.

மாமா வந்தார். வந்த வேகத்தில் ஆள் எண்ண ஆரம்பித்தார். ஆறு வரை எண்ணிவிட்டுத்தான் நிறுத்தினார். மெதுவாகத் திரும்பி, மேளத்தோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"மாப்ள. இன்னைக்கு ஞாயித்துக்கெழம."

"ஆமாங்க மாமா," என்றேன்.

வரிசையில் ஒரு சலசலப்பு. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கையில் இருந்த கட்டைகளைப் பார்த்தார்கள். அந்த நிமிஷம் எந்தப் பக்கம் விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்போதுதான் துரை, அரைக்கால் சட்டையும் கையில் தேநீர்க் கோப்பையுமாகப் படி இறங்கி வந்தார்.

"என்னா இது கங்காணி? ஞாயித்துக்கெழம பெரட்டு? கையில என்னா கம்பு?"

தோட்டத்தில் அடிதடி என்று தெரிந்தால் இரண்டு லயத்திலும் பாதிப் பேருக்கு வேலையிலிருந்து நிறுத்துகிற பற்றுச்சீட்டு கிடைக்கும், வேலையும் வீடும் போகும். எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா தலைப்பாகையைக் கழற்றினார்.

"ஒண்ணும் இல்லீங்க தொர. எம் மக கல்யாணமுங்க, தை மாசம். பந்திக்கு வெறகு சேக்க எல்லாரும் வந்திருக்காங்க. ஆளு பிரிச்சு விடணுமில்லீங்களா, அதான் மாப்பிள்ளைய மேளம் அடிக்கச் சொன்னேன்."

துரை வரிசையை நீளமாகப் பார்த்தார். "ரெண்டு லயமும்?"

"ரெண்டு லயமுந்தாங்க. பொண்ணு கீழ் லயம், மாப்பிள்ள மேல் லயமுங்க."

"நல்லம்," என்றார் துரை. "ஆறாம் நம்பர் மலையில மிலாறு நெறைய கெடக்கு. எடுங்க."

அவர் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. போகவில்லை. கொட்டகைத் திண்டில் உட்கார்ந்து தேநீரைக் குடித்துக்கொண்டு பார்த்தார். வேறு வழியில்லாமல் மாமா ஆள் பிரித்தார், இரண்டு லயமும் மலை ஏறியது. எஞ்சின்காரனுக்கு விறகு கட்டத் தெரியாது. அவன் கட்டிய கட்டு மூன்று முறை அவிழ்ந்து சரிவில் உருண்டது. நாலாவது முறை அந்தக் கீழ் லயத்து இளைஞன் பொறுக்க முடியாமல் போய்க் கட்டிக் கொடுத்தான். "தூங்குமூஞ்சி கட்டுன கட்டு, அவுறாது," என்றான். எஞ்சின்காரன் சிரித்துவிட்டு அவனுக்கு ஒரு பீடி கொடுத்தான். சாயந்தரத்துக்குள் மாமா வீட்டு வாசலில் கூரை உயரத்துக்கு விறகு. சண்டைக்கென்று கொண்டுவந்த கட்டைகளும் அதற்குள்ளேயே போய்விட்டன, எது எந்த லயத்துக் கட்டை என்று பிரிக்க முடியாதபடி.

பக்கத்து டிவிஷன்காரர்கள் சாவகாசமாக வந்து சேர்ந்தபோது சண்டை இல்லை. அவர்களையும் இரண்டு கட்டுத் தூக்க வைத்தார் மாமா.

எல்லாரும் போன பிறகு அவர் என்னிடம் வந்தார். "மாப்ள, அன்னைக்கு நான் கேட்டதுக்கு இன்னைக்குப் பதில் சொல்லிப்புட்டீங்க. பெரட்டு கலைஞ்ச பொறகும் கூப்பிடலாம். திரும்ப மேளம் அடிக்கணும், அவ்வளவுதான்."

"நீங்க பொய் சொல்லலன்னா அதுவும் ஆகியிருக்காது மாமா," என்றேன். அது மட்டும் நான் அன்று சொன்ன முழு உண்மை. அந்த ராஜாக்களில் ஒருத்தன் மேளம் அடித்திருந்தால் போதாது. கூடி நிற்கிற கூட்டம் வெட்கப்படாமல் கலைந்து போவதற்கு ஒரு விறகுக் கட்டையாவது காட்டியிருக்க வேண்டும். தவிர்த்திருக்க முடியும் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அதற்கு என்னைப் போல் ஒரு பயந்தாங்கொள்ளியும் மாமாவைப் போல் ஒரு நல்ல பொய்யரும் ஒரே இடத்தில் அகப்பட வேண்டுமே.

தையில் கல்யாணம் நடந்தது. விறகு நாலு வாரத்தில் எங்கே காயும்? புகை பந்தல் முழுக்கச் சுற்றியது. தாலி கட்டும்போது கண் கலங்காத ஆள் இல்லை. சோறு புகை நாறுகிறது என்று மேல் லயமும் கீழ் லயமும் முதல்முறையாக ஒரே குரலில் குறை சொன்னதைப் பார்த்து மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

கல்யாணமான மூன்றாம் நாள், அவள் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு துணிப்பையை எடுத்து என் முன்னால் வைத்தாள். இரண்டு சாரம், ஒரு சட்டை, கல்லாகிப் போன ரொட்டி.

"பெரட்டுக் களத்தில கெடந்திச்சு," என்றாள். இப்போது தராசு இல்லை, என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினாள். "மேளம் அடிக்கப் போறவருக்கு ரொட்டி எதுக்கு?"

நான் கேலியாக ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு முழுங்கினேன்.

"பஸ்ஸுக்கு," என்றேன்.

அவள் ரொட்டியை மட்டும் வெளியே எறிந்துவிட்டு, பையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். "அப்பாகிட்ட சொல்லல," என்றாள். இன்றுவரை சொல்லவில்லை. வீட்டில் நான் கொஞ்சம் சத்தமாகப் பேசுகிற நாளில் மட்டும் அந்தப் பெட்டியின் மூடி திறக்கிற சத்தம் கேட்கும். உடனே நான் என் படைகளைத் திரும்ப அழைத்துக்கொள்வேன்.